சோமாசி மடிப்பில் சீஸ் ரொட்டி: மார்கழி விடுமுறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் மார்கழி பிறந்தால் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அரையாண்டு லீவு, பிள்ளையார் நோன்பு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அப்புறம் பொங்கல் என்று அடுத்தடுத்து வருவதால், சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் வீட்டில் சீயம், வெள்ளைப் பணியாரம், மனகோலம் எல்லாம் வழக்கம்போல நடக்கும். சில வருடங்களாக அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. உள்ளே சீஸும் அவித்த முட்டையும் வைத்து, பிறை போல மடித்து, ஓவனில் சுட்டெடுக்கும் ரொட்டி.

இது காகசஸ் மலையடி நாடான ஜார்ஜியாவின் பண்டம். அங்கே சீஸ் வைத்த ரொட்டிக்குப் பொதுப்பெயர் கச்சாபுரி. புரி என்றால் அவர்கள் மொழியில் ரொட்டி. நம் பூரியை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது. ஊருக்கு ஊர் வடிவம் மாறும். இமெரெத்தி பகுதியில் வட்டமாக மூடிச் சுடுவார்கள். கருங்கடல் ஓரத்து அஜாராவில் படகு மாதிரி செய்து நடுவில் முட்டையை உடைத்து ஊற்றுவார்கள். மேற்கே குரியா என்ற பகுதியில்தான் பிறை வடிவம், உள்ளே அவித்த முட்டை. குரியாக்காரர்களுக்கு இது கிறிஸ்துமஸ் ரொட்டி. ஜார்ஜியத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல் வரும். அதற்கு முன் 40 நாள் நோன்பு. பால், முட்டை, இறைச்சி எதுவும் கிடையாது. நோன்பு நடுவே டிசம்பர் 17-இல் புனித பார்பரா திருநாள் வரும்போதுகூட பீன்ஸ் விதையை மசித்து உள்ளே வைத்த ரொட்டிதான். அப்படி 40 நாள் தள்ளி வைத்த சீஸும் முட்டையும் ஒன்றாகச் சேர்ந்து வருவதால்தான் இந்தப் பிறை ரொட்டிக்கு அவ்வளவு மரியாதை. பிள்ளையார் நோன்பில் இழை (நூல்திரி ஏற்றிய இனிப்பு மாவு) எடுத்துக்கொண்டு நோன்பு முடிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செட்டிநாட்டு அடுப்படியில் கை பழகியவர்களுக்கு இந்த ரொட்டியில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். பூரணம் வைப்பது, விளிம்பு மடிப்பது, பிரியாமல் சுடுவது எல்லாம் சோமாசியிலும் சீயத்திலும் செய்வதுதான். புதிதாகக் கற்க வேண்டியது பூரணத்தின் ஈரத்தைப் பற்றி. முதல் இரண்டு தடவை எனக்கு அடி நசநசத்து, மடிப்பு பிரிந்து, சீஸ் தட்டில் வழிந்து கருகிப் புகைந்தது. மாவைத்தான் சந்தேகப்பட்டேன், ஈஸ்டை மாற்றினேன், ஓவன் சூட்டை மாற்றினேன். காரணம் பன்னீரில் இருந்த தண்ணீர் என்று புரிந்த பிறகு ஒரு தடவையும் தவறியதில்லை. அதனால் மற்றதைவிட பூரணத்தைப் பற்றிக் கூடுதலாகவே எழுதுகிறேன்.

என்னென்ன வேண்டும்

4 பெரிய பிறைகளுக்கான கணக்கு இது. ஒரு பிறையை இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடலாம்.

மாவுக்கு: மைதா 500 கிராம், காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பால் 240 மில்லி, அதிகம் புளிக்காத தயிர் 80 கிராம், உருக்கிய வெண்ணெய் 40 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம் (ஒன்றரை டீஸ்பூன்), சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு 8 கிராம்.

பூரணத்துக்கு: பிழிந்த பன்னீர் 250 கிராம், மொசரெல்லா சீஸ் 250 கிராம், உப்பு முக்கால் டீஸ்பூன், கொரகொரப்பாக இடித்த மிளகு அரை டீஸ்பூன், ஒரு பச்சை முட்டை, அவித்த முட்டை 4. மேலே தடவ ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு டேபிள்ஸ்பூன் பால்.

தராசு இருந்தால் எடை போட்டே செய்யுங்கள். டம்ளர் கணக்கில் மைதா அளக்கும்போது ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு எடை வரும்.

மொசரெல்லாவைக் கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது. துருவி பாக்கெட்டில் வருவதில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொடி தூவியிருப்பார்கள். அது உருகினாலும் அந்த வழவழப்பு வராது. சைவக்காரர்கள் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கினால் போதும். செக்காலை ரோட்டுப் பக்கம் குளிர்பெட்டி வைத்திருக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பண்டிகை வாரத்தில் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைப்பது உத்தமம்.

பன்னீரும் அதன் தண்ணீரும்

ஜார்ஜியாவில் இதற்கு இமெரெத்திச் சீஸ், சுலுகுனி போன்றவற்றைப் போடுவார்கள். இரண்டும் உப்புக் கரிக்கும், பால் மணம் மாறாத இளசான சீஸ்கள். நமக்கு அவை கிடைக்காது. பன்னீரையும் மொசரெல்லாவையும் சரிபாதி கலந்தால் அந்தச் சுவைக்குப் பக்கத்தில் போய்விடலாம். பன்னீர் மட்டும் போட்டால் ரொட்டி வறண்டுவிடும். கொதிக்கும் பாலில் புளிப்பு ஊற்றித் திரிக்கும்போது பாலின் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது, புரதம் இறுகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு சூடு பட்டாலும் அது உருகாது. மொசரெல்லா உருகி நூல் நூலாக இழுபடும், ஆனால் தனியாகப் போட்டால் எண்ணெய் பிரிந்து ரப்பராகிவிடும். இரண்டும் சேரும்போது ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்கிறது.

பன்னீரை வீட்டில் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்றரை லிட்டர் கொழுப்பு நீக்காத பால் வேண்டும். பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். எலுமிச்சைச் சாறு மூன்று டேபிள்ஸ்பூனை அதே அளவு தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மெதுவாகக் கிண்டுங்கள். பால் திரிந்து, தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலே மேலே புளிப்பு ஊற்றினால் பன்னீர் மணல் மாதிரி ஆகிவிடும். வெள்ளைத் துணியில் வடித்து, பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, துணியோடு முறுக்கிப் பிழிந்து, சாய்வான தட்டில் வைத்து மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் கட்டியாக, கையில் ஒட்டாமல் வரும். 250 கிராமுக்குக் குறையாது. வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். மாவு பிசையும் பாலில் பாதியை எடுத்துவிட்டு இதை ஊற்றிக்கொள்ளலாம். ரொட்டி இன்னும் மிருதுவாக வரும்.

கடைப் பன்னீர் என்றால் துருவி, துணியில் கட்டி, நன்றாகப் பிழியுங்கள். ஃப்ரீசரில் உறைந்து கிடந்ததை வாங்காதீர்கள். உறைந்து இளகிய பன்னீர் பஞ்சு மாதிரி தண்ணீரை உள்ளே வைத்திருக்கும்; ஓவன் சூட்டில்தான் அதை வெளியே விடும்.

இப்போது பன்னீரை விரலால் நன்கு உதிர்த்து, துருவிய மொசரெல்லா, உப்பு, மிளகு சேர்த்து, உப்புச் சரிபார்த்துவிட்டு ஒரு பச்சை முட்டையும் ஊற்றிப் பிசையுங்கள். எலுமிச்சம்பழ அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்து, கையை விரித்துப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை லேசான வெண்ணெய்ப் பளபளப்போடு இருக்க வேண்டும். ரேகைகளில் தண்ணீர் கோடு ஓடினால் பூரணம் இன்னும் தயாராகவில்லை. ஒரு டேபிள்ஸ்பூன் வறுத்த ரவையைச் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடியும் பிடித்துப் பாருங்கள்.

உப்பையும் இங்கேயே நாக்கில் வைத்துப் பாருங்கள் (பச்சை முட்டை சேர்ப்பதற்கு முன்னால்). நம் பன்னீரில் உப்பே கிடையாது என்பதால் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும்படி போட வேண்டும், சுட்டபின் அடங்கிவிடும். மொசரெல்லா கிடைக்காமல் 25 கிராம் கட்டிகளாக வரும் பிராசஸ்டு சீஸைத் துருவிப் போட்டால் உப்பைக் கால் டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சுவை பரவாயில்லை, இழுவை வராது.

பச்சை மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போடலாமா என்று கேட்பார்கள். முதல் தடவை போடாமல் செய்து பாருங்கள். பால் மணத்தோடு மிளகு மட்டும் வாசம் காட்டும்போது இருக்கும் ருசி தனி. வெங்காயம் தண்ணீர் விடும், அது வேறு தொல்லை.

மாவு பிசைதல்

அகன்ற பாத்திரத்தில் மைதா, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு நான்கையும் கலந்து நடுவில் குழித்துக்கொள்ளுங்கள். பால் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கை சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். முதலில் 220 மில்லி பாலும் தயிரும் ஊற்றிச் சேருங்கள். மீதி 20 மில்லியை மாவு கேட்டால் மட்டும் ஊற்றலாம். மைதாவுக்கு மைதா தண்ணீர் இழுப்பது மாறும். எல்லாம் சேர்ந்த பிறகு வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, 10 முதல் 12 நிமிடம் பிசையுங்கள். முதல் ஐந்து நிமிடம் கையெல்லாம் ஒட்டும். பயந்து மைதா தூவிவிடாதீர்கள். பரோட்டாவுக்கு அடித்துப் பிசைவதைப் போல மேடையில் அறைந்து, மடித்து, இழுத்துப் பிசைந்தால் ஏழாவது, எட்டாவது நிமிடத்தில் ஒட்டுவது தானாக விட்டுவிடும். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் கிழியாமல் கண்ணாடி போல விரிய வேண்டும். அதுதான் பதம்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு ஈரத்துணியால் மூடி வையுங்கள். மார்கழிப் பகலில் எங்கள் ஊரில் ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். பாத்திரத்தை நேராக ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைக்க வேண்டாம். அந்தக் கல்லின் குளிர்ச்சி நடக்கும் காலுக்கு இதம், மாவுக்கு ஆகாது, அடிமாவு பின்தங்கிவிடும். மணைப்பலகை போட்டு, வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) வெயில் நேரே படாத ஓரமாக வையுங்கள். விரலை மாவில் முட்டு ஆழம் அழுத்தி எடுத்தால் குழி மெதுவாக, பாதி மட்டும் மேலே வர வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் நேரம் வேண்டும்.

விடிந்ததும் சூடாக வேண்டும் என்றால் முதல் நாள் இரவே ஈஸ்டை 3 கிராமாகக் குறைத்துப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் முக்கால் மணி நேரம் வெளியே வைத்து உபயோகிக்கலாம். வீடு நிறைய ஆள் இருக்கும் நாளில் நான் செய்வது இப்படித்தான். மணமும் இதில்தான் கூடுதல்.

மடிப்பு

முட்டைகளைத் தண்ணீர் கொதித்த பிறகு போட்டு 9 நிமிடம் வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் போட்டு உரித்து, நீளவாக்கில் நான்காக நறுக்கி வையுங்கள்.

மாவை அழுத்திக் காற்றை வெளியேற்றி நான்கு உருண்டையாக்கி, மூடி பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சாண் அகலத்துக்கு, ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். நடு கொஞ்சம் தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கட்டும். பாதி வட்டத்தில் ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை விட்டு, பூரணத்தில் கால் பங்கைப் பரப்பி, அதன்மேல் நான்கு முட்டைத் துண்டுகளை வரிசையாக வையுங்கள். ஓரத்தில் சீஸோ வெண்ணெயோ பட்டிருந்தால் துடைத்துவிடுங்கள். நெய்ப்பசை பட்ட இடம் எப்படி அழுத்தினாலும் ஒட்டாது. தண்ணீர் தொட்டு ஓரத்தைத் தடவி, மறுபாதியை மேலே மடித்து, உள்ளே இருக்கும் காற்றைப் பூரணப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்து மூடுங்கள்.

விளிம்பு மடிப்பதை நான் பக்கத்து வீட்டு ஆச்சியிடம்தான் கற்றேன். நான் முள்கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இது பெரிய சோமாசிதானே ஆத்தா, கரண்டி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தானே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இடது கை ஆள்காட்டி விரல் அடியில் தாங்கும். வலது கைக் கட்டைவிரல் விளிம்பின் நுனியைக் கிள்ளிச் சற்று வெளியே இழுத்து, உள்பக்கமாகச் சாய்த்து அழுத்தும். அந்த மடிப்பின் பாதியிலிருந்தே அடுத்த கிள்ளு தொடங்கும். கண் பார்வை மங்கியவர். விளிம்பைப் பார்க்கவேயில்லை, விரல் நுனி தடவிக்கொண்டே போயிற்று. ஒரு நிமிடத்தில் கயிறு முறுக்கிய மாதிரி ஒரு விளிம்பு. கரண்டி அழுத்தியது மாவை மெல்லியதாக்குகிறது. இந்த முறுக்கு மாவை இரண்டு மடங்காக்குகிறது. சீஸ் உருகி அழுத்தும்போது எது தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரொட்டி மாவு சோமாசி மாவைவிட இளகல் என்பதால் ஒவ்வொரு கிள்ளையும் கொஞ்சம் பெரிதாக எடுங்கள்.

சுடுதல்

பட்டர் பேப்பர் போட்ட தட்டில் இரண்டு பிறைகளை, நடுவில் மூன்று விரல் இடைவெளி விட்டு வையுங்கள். மற்ற இரண்டை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்த ஈடாகச் சுடலாம். மடித்த பின் 20 நிமிடம் மட்டும் உப்பட்டும். அதற்கு மேல் விட்டால் மடிப்பு தளர்ந்துவிடும். அதே நேரத்தில் ஓவனை 200 டிகிரியில், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி சூடேற்றுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் குறையும் ஊர்களில் சூடேற இன்னும் பத்து நிமிடம் பிடிக்கலாம். எனவே பிற்பகலிலேயே சுட்டுவிடுவது நல்லது.

மஞ்சள் கருவில் பால் கலந்து மேலே தடவி, முள்கரண்டியால் மூன்று இடத்தில் குத்துங்கள். ஆவி போக வழி இல்லாவிட்டால் விளிம்பைப் பிளந்துகொண்டு போகும். நடுத்தட்டில் வைத்து 20 முதல் 24 நிமிடம். பதினைந்தாவது நிமிடத்தில் தட்டை முன்பின் திருப்பி வையுங்கள். மேலே நல்ல பழுப்பு வந்தால் மட்டும் போதாது. கரண்டியால் தூக்கி அடியைத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக, சிவந்து, வெற்றுப்பானை போல் சத்தம் வர வேண்டும். அடி வெளுத்திருந்தால் தட்டைக் கீழ் வரிசைக்கு இறக்கி இன்னும் நான்கு நிமிடம் விடுங்கள்.

வெளியே எடுத்ததும் வெண்ணெய் தடவி, துணி போர்த்திப் பத்து நிமிடம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். குழந்தைகள் சுற்றி நிற்பார்கள், கஷ்டம்தான். உடனே வெட்டினால் சீஸ் முழுக்கத் தட்டுக்கு ஓடிவிடும். பத்து நிமிடம் பொறுத்தால் வெட்டிய இடத்தில் மெல்ல இழுபட்டு நிற்கும், முட்டையின் மஞ்சள் நடுவே நிலா மாதிரி தெரியும்.

ஓவன் இல்லாத வீட்டில்

பிறையை அடுப்பில் சுட முயல வேண்டாம். தடித்த விளிம்பு வேகாது. அதற்கு இமெரெத்தி வட்டம் சரியாக வரும். மாவை எட்டு உருண்டையாக்கி, முட்டை இல்லாமல் சீஸ் பூரணம் மட்டும் வைத்து, போளிக்கு மூடுவதைப் போல மேலே கூட்டி முடிச்சிட்டு, திருப்பிப் போட்டு உள்ளங்கையால் ஒரு விரற்கடை தடிமனுக்குத் தட்டுங்கள். கனமான இரும்புத் தோசைக்கல்லைச் சூடாக்கி, தீயைக் குறைத்து, மூடி போட்டு ஒரு பக்கம் ஐந்தாறு நிமிடம், திருப்பி மறுபக்கம் அதே அளவு. ஜார்ஜியாவிலும் கெத்சி என்ற மண் சட்டியில் இப்படிச் சுடும் பழக்கம் உண்டு. தீ கூடினால் மேலே கருகி உள்ளே பச்சை மாவாக நிற்கும்.

முட்டை சேர்க்காத வீட்டுக்கு

அவித்த முட்டைக்குப் பதில் அவித்து மசித்த உருளைக்கிழங்கு 200 கிராமைச் சீஸோடு பிசைந்துவிடுங்கள். காகசஸில் ஒசெத்தியர்கள் செய்வதும் இதுதான், எனவே இது குறைப்பட்ட மாற்று என்று எண்ண வேண்டாம். கிழங்கு ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பச்சை முட்டை தேவையில்லை. மேலே பாலில் கொஞ்சம் தயிர் கலந்து தடவினால் நிறம் வரும். எங்கள் வீட்டில் விரத நாளில் இதுதான் போகும், பெரியவர்களுக்கு முட்டை வைத்ததைவிட இது பிடித்துவிட்டது.

பரிமாறும்போது

பக்கத்தில் கத்தரிக்காயை மசித்துப் புளி விட்டுச் செய்யும் கோசமல்லி வைத்துப் பாருங்கள். ஜார்ஜியர்கள் விருந்தில் வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காயையும் கூட வைப்பார்கள், அதனால் சீஸுக்குக் கத்தரிக்காய் புதிய உறவு அல்ல. கோசமல்லியின் புளிப்பு சீஸின் கொழுப்பை அறுத்து அடுத்த வாய்க்கு இடம் கொடுக்கும். வரமிளகாய்ச் சட்னியும் நன்றாக இருக்கும், ஆனால் கொஞ்சமாக.

முட்டையும் சீஸும் இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஊருக்குப் புறப்படுகிறவர்களுக்கு ராத்திரி பஸ்ஸில் கட்டிக் கொடுக்கும் பண்டம் இது இல்லை. அதற்கு மனகோலமும் சீடையும் இருக்கின்றன. மீந்ததை ஆறவைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் தோல் செருப்பு மாதிரி இழுக்கும். தோசைக்கல்லில் சொட்டு நெய் விட்டு, குறைந்த தீயில் மூடி, பக்கத்துக்கு நான்கு நிமிடம் வைத்தால் அடி மறுபடி மொறுமொறுவென்று ஆகி, சீஸ் இளகும்.